பெரட்டுக்கு ஒரே நேரம்

இதை எழுத எனக்குத் தகுதி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள். நான் படித்தது ஐந்தாம் படிவம் வரை, அதாவது பள்ளியோடு சரி. லாபிஸில் பள்ளியை முடித்துவிட்டு மின்னணுத் தொழிற்சாலையில் பல ஆண்டுகள் லைனில் நின்றேன். பிறகு எப்படியோ ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனை செய்யும் வேலைக்கு வந்து சேர்ந்தேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு இன்றும் பேச்சு வராது. அதனால்தான் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களிடம் வந்து பேசச் சொல்லி அலுவலகத்தில் கேட்டபோது, எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்தேன். எழுதுவது அதைவிடக் கஷ்டம் என்று இப்போதுதான் தெரிகிறது.

ஒரு மென்பொருள் எங்கே நேரத்தைச் செலவிடுகிறது என்று அளக்கும் நம் புரோஃபைலர் கருவி எப்படி ஓடுகிறது என்பதைப் பயிற்சியில் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். என்னைவிட நன்றாகவே சொல்லியிருப்பார்கள். நான் சொல்லப்போவது, அந்தக் கருவி போட்ட ஒரு நேரக்குறியால் ஒரு பெண்ணின் வேலை போனதைப் பற்றி.

அப்போது நம் அலுவலகம் உலு திராமில், ஒரு கடைவரிசையின் முதல் மாடியில் இருந்தது. கீழே டயர் கடை. கூட்டம் நடக்கும்போது காற்றடிக்கும் சத்தம் மேலே வரும். பேசுகிறவர் நிறுத்திவிட்டு, சத்தம் ஓய்ந்ததும் தொடர்வார். நாங்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். குழுத் தலைவரை எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட அவருக்கு வயது குறைவு, ஆனாலும் எனக்கும் அவர் அண்ணன்தான். பெயரை எழுதப்போவதில்லை. அவரும் இதைப் படிக்கக்கூடும்.

எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அதையும் சொல்லியாக வேண்டும். கருவியின் முதல் பதிப்பில், சுவர்க் கடிகாரம் என்று நாங்கள் சொல்லும் கணினியின் சாதாரணக் கடிகார நேரத்தைத்தான் எழுதிக்கொண்டிருந்தோம். ஒருமுறை சோதனைக்கு நடுவில் கணினி இணையத்தைப் பார்த்துத் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டது. கருவி வரைந்த படத்தில் ஒரு வேலை தொடங்குவதற்கு முன்பே முடிந்திருந்தது. வந்திருந்த வாடிக்கையாளர், "உங்க டூல் டைம் மிஷினா?" என்று கேட்டுச் சிரித்தார். நான் கூசிப்போய் நின்றேன். அண்ணன் கொஞ்சமும் தயங்காமல், "எங்க தப்புங்க. சுவர்க் கடிகாரத்த நம்பிட்டோம்" என்றார். அன்றே அதை மாற்றி, முன்னால் மட்டுமே எண்ணிக்கொண்டு போகும் கணக்கிக்குக் கருவியைக் கொண்டுவந்தார். வாடிக்கையாளர் முன்னால் அப்படி ஒத்துக்கொள்ளும் ஒருவரை நான் தொழிற்சாலையில் பார்த்ததே இல்லை. அவர்மேல் எனக்கு ஏற்பட்ட மரியாதை அன்றைக்குத்தான் தொடங்கியது.

இனி அந்த நேரக்குறி விஷயம். புரோஃபைலர் என்ன செய்கிறது? ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளை நொடிக்குப் பலமுறை தடுத்து, "இப்போது எங்கே இருக்கிறாய்?" என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறது. ஒரு மென்பொருளுக்குள் பல த்ரெட்டுகள் ஒரே சமயத்தில் ஓடுகின்றன. ஒரு வீட்டில் பல வேலையாட்கள் இருப்பதுபோல. ஒவ்வொரு சுற்றிலும் கருவி அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திக் கேட்க வேண்டும். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு நேரம் எழுத வேண்டும். மணி கேட்பதற்கே கொஞ்சம் நேரம் பிடிக்கும். எழுதுவதற்கு இடம் வேண்டும். கோப்பு ஊதிப்போகிறது. அளக்கப்படும் மென்பொருளே கருவியின் பாரத்தால் மெதுவாகிவிடுகிறது. அப்படியானால் நாம் அளப்பது எதை?

இதற்கு அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். அவருடைய பெற்றோர் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்கள். தோட்டத்தைப் பார்க்காத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: விடியற்காலையில் வேலையாட்கள் எல்லாரும் வரிசையில் நிற்க, கிராணி என்கிற தோட்டத்து எழுத்தர் பெயர் வாசித்து ஆள் கணக்கு எடுப்பார். அதற்குப் பெயர் பெரட்டு. பெரட்டில் பெயர் விழுந்தால்தான் அன்றைக்கு வேலை.

"பெரட்டு எடுக்கறப்ப கிராணி ஒவ்வொரு பேருக்குமா மணிய பாத்தாரு?" என்று அண்ணன் கேட்டார். "காலையில பெரட்டுன்னா எல்லாருக்கும் ஒரே நேரம்தான். நாமளும் அப்படியே வச்சிக்குவோம். சுத்துக்கு ஒருதடவ மணி கேப்போம். அதையும் முழுசா எழுத வேணாம். போன பெரட்டுக்கும் இதுக்கும் எவ்ளோ வித்தியாசம்னு மட்டும் எழுதுவோம். சின்ன எண்ணு. கொஞ்சம் இடம் போதும்."

நல்ல யோசனை. இன்றைக்கும் அதை நல்ல யோசனை என்றுதான் சொல்வேன். கோப்பு சுருங்கியது. கருவி இருப்பதே தெரியாத அளவுக்கு மென்பொருள் இலகுவாக ஓடியது. நிரலில் அந்த நேரத்துக்கு 'பெரட்டு மாசா' என்று பெயர் வைத்தார்; பாதி தமிழ், பாதி மலாய், மாசா என்றால் நேரம். எங்களோடு இருந்த சீன நண்பர் ஒருவர் அதை லத்தீன் சொல் என்று நினைத்து அகராதியில் தேடினார். பல நாள் அதைச் சொல்லிச் சிரித்தோம்.

சிரித்த எங்களில் யாருக்கும் ஒன்று தோன்றவில்லை. பெரட்டில் பெயர் வாசிக்கவும் நேரம் ஆகும். முதல் ஆளின் பெயரை வாசிக்கும்போது இருட்டாக இருக்கும். கடைசி ஆளின் பெயர் வரும்போது சில நாள் பொழுது புலர்ந்துவிடும். ஆனால் தோட்டத்துப் பிள்ளைகளான எங்களுக்குப் பெரட்டு என்றால் ஒரே நேரம். அந்தச் சொல்லே எங்களை யோசிக்கவிடவில்லை.

புவனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெக்கோக்கிலிருந்து வந்தவள். ஒப்பந்தத்தில் இருந்தாள். நம் நிறுவனம் கருவியோடு இன்னொரு வேலையும் எடுத்திருந்தது: சிங்கையில் உள்ள ஒரு நிறுவனத்தின் பரிசோதனை இயந்திரத்துக்கு மென்பொருள் எழுதுவது. வரிசையாகப் போகும் மின்சுற்றுப் பலகைகளைக் கேமரா படம்பிடித்து, குறை இருந்தால் ஒதுக்கும் இயந்திரம் அது. கேமராவிலிருந்து படம் வராமல் போனால் விழித்துக்கொண்டு மறுபடி கேட்கும் பகுதியை எழுதியவள் புவனா. இந்த வேலை ஏற்கப்பட்டால் அவளை நிரந்தரமாக்குவதாக முதலாளி சொல்லியிருந்தார். அதை நம்பி அவள் சிங்கையில் கிடைத்த வேலையை விட்டுவிட்டு, தன் அம்மாவையும் உலு திராமுக்கு அழைத்து வந்து வாடகை வீட்டில் வைத்திருந்தாள். அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு தினமும் எல்லைப் பாலம் கடந்து போய்வர அவளால் முடியாது.

"அக்கா, எனக்கு லெட்டர் வந்தா உங்களுக்கு ஒரு வாரம் பசியாற நான்தான் வாங்கித் தருவேன்" என்பாள்.

"ஒரு வாரம்தானா? கஞ்சப்பிசினாரி."

"அலமாக்! சம்பளம் ஏறட்டும்கா, அப்பறம் பாக்கலாம்."

இயந்திரம் சில சமயம் ஓர் இமைப்பொழுது நின்றுவிடுகிறது என்று சிங்கையிலிருந்து புகார் வந்தது. அந்த இமைப்பொழுதில் சில பலகைகள் சோதிக்கப்படாமலே போய்விடுகின்றன. நம் கருவியையே அந்த இயந்திரத்தில் ஓட்டி, நிற்பது எங்கே என்று காட்டுவதாக முதலாளி வாக்குக் கொடுத்தார். அவர்கள் பார்த்துத் திருப்திப்பட்டால் கருவியைத் தங்கள் எல்லா ஆலைகளுக்கும் வாங்குவார்கள். மென்பொருளை ஏற்பது, கருவியை வாங்குவது, இரண்டும் ஒரே கூட்டத்தில் முடிவாக வேண்டும். இப்படி இரண்டு காரியங்களை ஒரே கூட்டத்தில் கட்டிவிடும் நாள் உங்களுக்கும் வரும். அன்றைக்கு எச்சரிக்கையாக இருங்கள்.

கூட்டத்துக்குச் சிங்கையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அவர்களில் மேலாளர் தமிழர். கருவியை அந்த இயந்திரத்தில் ஓட்டி எடுத்த படத்தைத் திரையில் போட்டது நான்தான். அது என் வேலை. இயந்திரம் நின்ற இடத்தில் ஒரு வெற்றிடம் தெரிந்தது. வெற்றிடம் தொடங்கும் புள்ளியில், சரியாக அந்த நேரக்குறியில், புவனாவின் பகுதி ஓடிக்கொண்டிருந்தது. கேமரா பகுதி அதே நேரத்தில் சாதாரணமாக வேலை செய்துகொண்டிருந்தது.

முதலாளி திரையைப் பார்த்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "என்னா புவனா இது? நிக்கற எடத்துல ஒன்னோட கோட்தான் நிக்குது."

"பாஸ், என்னோடது ஓடறதே மிஷின் நின்ன பிறகுதான். படம் வரலைன்னாதான் அது எழும்பும். அது எப்படி நிறுத்தும்?"

"அப்படின்னு நீ எழுதுனே. ஓடறது வேற மாதிரி ஓடுது போல."

"இல்ல பாஸ்..."

"படத்த பாருலா. நேரம் போட்டு காட்டுது. ஒன்னோடது மொதல்ல, நிக்கறது அப்பறம்."

கீழே காற்றடிக்கத் தொடங்கினார்கள். அந்தச் சத்தம் ஓயும்வரை புவனா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓய்ந்ததும் முதலாளியை விட்டுவிட்டு அண்ணனிடம் கேட்டாள்.

"அண்ணே, பெரட்டு எடுத்து முடிக்க எவ்ளோ நேரம் ஆவும்?"

அவ்வளவுதான் கேள்வி. அண்ணன் நிமிர்ந்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். நடுவில் ஒருவன் சிக்கிக்கொண்டால், கடைசி ஆளிடம் போய்ச் சேர்வதற்குள் என்னவெல்லாம் நடந்துவிடும் என்பது அந்த நொடியில் அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கு அது பிறகுதான் புரிந்தது.

அதற்குள் சிங்கை மேலாளர் குறுக்கிட்டார். "என்னது, பெரட்டா? பரோட்டாவா?"

முதலாளி உரக்கச் சிரித்தார். கூட வந்தவருக்கு அதை ஆங்கிலத்தில் சொல்லி அவரையும் சிரிக்க வைத்தார்கள். "பரோட்டா போடவும் கொஞ்ச நேரம் ஆவும் லா, மா" என்றார் மேலாளர். அவர் கெட்ட மனிதர் இல்லை. பெரட்டு என்ற சொல்லை அவர் கேட்டதே இல்லை. முதலாளிக்கு மட்டும் அந்தத் தோட்டத்துச் சொல் வெளியாட்கள் முன்னால் வந்துவிட்டதில் வெட்கம். "உள்ளுக்குள்ள வச்சிருக்கற பேருங்க. ஒண்ணுமில்ல" என்று அதை ஒதுக்கினார்.

புவனா சிரிக்கவில்லை. "அண்ணே, சொல்லுங்கண்ணே. எல்லாருக்கும் ஒரே நேரம்தானே போடறோம்? நான் வரிசையில கடைசி."

"புவனா, கொஞ்சம் டியாமா இரு. டூலப் பத்தி இப்ப பேசல" என்று முதலாளி அவளை அடக்கினார்.

சிங்கை மேலாளர் சிரிப்பை நிறுத்தி அண்ணனைப் பார்த்தார். வாங்குகிறவர் அல்லவா, அவருக்கு அந்தச் சந்தேகம் வந்தது நியாயம். "நீங்கதானே இத செஞ்சவரு? இந்த நேரமெல்லாம் சரிதானே?"

அண்ணன் முதலாளியைப் பார்த்தார். புவனாவைப் பார்க்கவில்லை.

"நேரம் சரிதாங்க" என்றார்.

அது பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்றும் கசக்கிறது. பெரட்டு தொடங்கிய நேரம் சரியாகத்தான் இருந்தது. கணக்கியில் தவறில்லை, வித்தியாசத்தைக் கூட்டியதில் தவறில்லை. ஆனால் மேலாளர் கேட்டது அதை இல்லை. புவனாவின் பகுதி எப்போது ஓடியது என்பதை அந்த எண் சொல்லவே இல்லை. டைம் மிஷினா என்று கேலி செய்தவரிடம் "எங்க தப்புங்க" என்று சொன்ன அதே வாய்.

நான்தான் கேட்டேன். "தனித்தனியா நேரம் போட்டு இன்னொருதடவ ஓட்டிப் பாக்கலாமா? அதிக நேரம் ஆவாது."

முதலாளி என்னைப் பார்த்துச் சிரித்த முகத்தோடு சொன்னார்: "அக்கா, எல்லாருக்கும் தே தாரிக் சொல்லிட்டு வாங்களேன். அண்ணனுக்குச் சீனி கம்மி."

நான் எழுந்து போனேன். தேநீரோடு திரும்பி வந்தபோது புவனா அறையில் இல்லை. கருவியின் விலையைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

விருந்தினர்களை முதலாளி சாப்பிட அழைத்துப் போனதும், அண்ணன் என் மேசைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனி நேரம் எழுதும்படி மாற்றினார். கோப்பு பெருத்தது, அதைப் பற்றி அன்றைக்கு யாருக்குக் கவலை. அலுவலகத்தில் இருந்த மாதிரி இயந்திரத்தில் ஓட்டினோம். நிற்கும்வரை காத்திருந்தோம். நின்றது.

படம் தலைகீழாக மாறியிருந்தது. முதல் சில த்ரெட்டுகளுக்குச் சுற்று தொடங்கிய நேரமே இருந்தது. கேமராவின் முறை வந்ததும், அது தன் டிரைவருக்குள், அதாவது கேமராவை இயக்கும் துணை மென்பொருளுக்குள், மாட்டிக்கொண்டு பதில் சொல்லாமல் நின்றிருக்கிறது. கருவி அதன் பதிலுக்காகக் காத்திருக்கிறது. அந்த நேரத்தில் படம் வரவில்லை என்று கண்டு புவனாவின் பகுதி எழுந்திருக்கிறது, அது எழ வேண்டிய முறைப்படியே. கேமரா விடுபட்ட பிறகுதான் கருவி வரிசையின் கடைசிக்கு வந்து, ஓடிக்கொண்டிருந்த அவளுடைய பகுதியைப் பார்த்திருக்கிறது. பார்த்து, பழைய படத்தில் பெரட்டு தொடங்கிய நேரத்தை அதன் தலையில் எழுதியிருக்கிறது. கேமராவுக்கும் அப்படியே. விடுபட்டு நல்ல பிள்ளையாக நடந்த கேமராவுக்கும் அதே பழைய நேரம்.

"அவ சொன்னது சரி" என்றார் அண்ணன்.

"அப்ப போய் சொல்லுங்கண்ணே."

"சொல்லணும்."

முதலாளி திரும்பியதும் அண்ணன் அவருடைய அறைக்குப் போனார். கதவை முழுதாக மூடவில்லை. முதலாளி கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நிதானமாகத்தான் பேசினார்.

"இப்ப போய் டூல்ல தப்புன்னா அவங்க வாங்குவாங்களா?"

"கேமரா டிரைவர்தான் பிரச்சன, பாஸ். அத மாத்தச் சொன்னா போதும்."

"சொல்லலாம். கையெழுத்து ஆகட்டும். ஆறப்போட்டு சொல்லலாம். டிரைவர் அப்டேட்டுன்னு சொன்னா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க."

"புவனா?"

"கான்ட்ராக்ட் முடியுது. வேற எடத்துல கெடைக்கும். கெட்டிக்காரப் பொண்ணுதானே." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நீங்களும் நல்லா யோசிச்சிக்குங்க. பெரட்டு ஒங்க ஐடியா."

அண்ணன் வெளியே வந்தபோது புவனா தன் மேசையில் சாமான்களைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்று அவளுக்கு ஏற்கெனவே தகவல் அனுப்பிவிட்டார்கள். இயந்திரக் கோளாறுக்கு அவளுடைய பகுதியே காரணம் என்று அதில் எழுதியும் இருந்தது. அடுத்து வேலைக்கு எடுப்பவர்கள் விசாரித்தால் அதைத்தான் சொல்வார்கள்.

அவர் அவளுடைய மேசைக்குப் பக்கத்தில் நின்றார். "நீ சொன்னது சரிம்மா. ஓட்டிப் பாத்துட்டோம்."

புவனா பையை வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். முகத்தில் ஒரு நொடி வெளிச்சம் வந்தது. "பாஸ்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"அப்ப?"

"கையெழுத்து ஆனதும் நான் பேசறேன். கொஞ்சம் பொறு."

"அண்ணே, அவங்க இன்னும் சிங்கை திரும்பல. போன எடுத்து இப்ப நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். அவருக்கும் வீட்டுக் கடன் இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள். இல்லாதவர் யார்?

"எங்கம்மா பெரட்டுல நின்னவங்கண்ணே" என்றாள் புவனா. குரல் ஏறவில்லை. "லேட்டா போனாத்தான் அவங்களுக்குப் பேரு விழாது. நான் நேரத்துக்கு வந்து நின்னேன். நீங்க வேற நேரம் போட்டுட்டீங்க."

அவளுடைய பையின் ஒரு பிடியை நான் பிடித்துக்கொண்டேன். படி இறங்கினோம். காரின் பின்கதவைத் திறந்து பையை உள்ளே வைத்த பிறகு, "அம்மாகிட்ட என்னான்னு சொல்றதுகா?" என்று கேட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டயர் கடையில் மறுபடி காற்றடிக்கத் தொடங்கினார்கள்; அவள் புறப்பட்டுப் போனாள்.

பிள்ளைகளே, தொழில் சம்பந்தமாக நான் சொல்ல வேண்டியது சிறியது. சுற்றுக்கு ஒரே நேரம் எழுதுவது தவறில்லை. சிக்கனம் வேண்டும், இல்லாவிட்டால் அளவே பொய்யாகிவிடும். ஆனால் அந்தச் சுற்று தொடங்கியதிலிருந்து முடியும்வரை எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் ஒரு சின்ன எண்ணாகப் பக்கத்தில் எழுதுங்கள். அது வழக்கத்தைவிடப் பெரிதாக இருந்தால், அந்தச் சுற்றை வைத்து யார் முந்தி, யார் பிந்தி என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். இடம் போதாது என்று நாங்கள் எழுதாமல் விட்டது அந்த ஒரு சின்ன எண்ணைத்தான்.

இன்னொன்று, கொஞ்சம் கஷ்டமானது. வாங்குகிறவர் உங்களைப் பார்த்து "நேரம் சரிதானே?" என்று கேட்டால், எந்த நேரம் என்று திருப்பிக் கேளுங்கள். சரி என்று சொல்வதற்கும் உண்மை சொல்வதற்கும் நடுவில் ஒரு ஆள் நின்றுகொண்டிருக்கக்கூடும். அறையை விட்டு வெளியே வந்த பிறகு சொல்லும் உண்மையால் அந்த ஆளுக்கு ஒரு பயனும் இல்லை. அண்ணன் எனக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார். இதை மட்டும் அவர் சொல்லிக்கொடுக்கவில்லை, செய்து காட்டிவிட்டார்.

கூட்டத்துக்கு மறுநாள் சிங்கையிலிருந்து கையெழுத்தான தாள்கள் வந்தன. அண்ணன் காலையிலேயே வந்து, சுற்றின் நீளத்தையும் எழுதும்படி கருவியைத் திருத்தினார். நான் சோதித்தேன், சரியாக இருந்தது. வெளியீட்டுக் குறிப்பில் 'நேரப் பதிவில் சிறு மேம்பாடு' என்று போட்டார்கள். மத்தியானம் புவனாவின் மேசைக்குப் பிரிண்டரை நகர்த்தினார்கள்.